வெட்டி எழுதிய தொகை

2014 தை மாதம். காலி வீதியோரம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கணக்குப் பிரிவுக்கு உதவியாளர் ஒருவரை எடுப்பதற்காக நேர்முகப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தேன். நான்காவதாக வந்த பிள்ளை கொட்டாஞ்சேனையிலிருந்து 155 பஸ்ஸில் வந்திருந்தாள். அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி “சொறி மிஸ்” என்றாள். அவள் பிந்தி வரவில்லை. மூச்சு வாங்கியதற்காக மன்னிப்புக் கேட்டாள்.

மேசைக்கு முன்னால் கைப்பிடி வைத்த கதிரை இருந்தது. அவள் உட்காரும் முன் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு நுனியில் உட்கார்ந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். புதிய இடத்துக்குப் போனால் நானும் ஆட்களைப் பார்க்க முன் கதிரையைத்தான் பார்ப்பேன். என் உயரம் 158 சென்ரிமீற்றர். அந்த வருடம் என் நிறை 82 கிலோ.

எல்லோருக்கும் கொடுத்த அதே வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை அவளுக்கும் கொடுத்தேன். 900 ரூபா இடித்தது. முன்னர் வந்த மூன்று பேரும் அரை மணித்தியாலத்தில் அதைப் பிடிக்கவில்லை. இவள் பத்து நிமிடத்தில் பிடித்தாள். 5,400 என்று இருக்க வேண்டிய காசோலை 4,500 என்று பதியப்பட்டிருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “வித்தியாசம் ஒன்பதால பிரியுது மிஸ். அப்ப எங்கயோ இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கும்னு தேடினேன்” என்றாள். கணக்கு வேலையில் வருடக்கணக்காக ஊறியவர்கள் சொல்கிற வார்த்தை அது. அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

பிறகு விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தேன். ‘எதிர்பார்க்கும் மாதச் சம்பளம்’ என்ற கட்டத்தில் முதலில் 45,000 என்று எழுதி, அதை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் 35,000 என்று எழுதியிருந்தாள். வெட்டிய கோடு நேராக இருந்தது. கீழே இருந்த தொகையைத் தெளிவாக வாசிக்க முடிந்தது.

அந்தப் பதவிக்கு நிர்வாகம் எனக்கு அனுமதித்திருந்த தொகையும் 45,000 தான்.

“முப்பத்தைந்து போதுமா?” என்று கேட்டேன். “போதும் மிஸ்” என்றாள். நான் 35,000 என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அன்று பின்னேரம் பணிப்பாளர் கோவையைப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரப் பிள்ளை. சம்பளத்தையும் குறைச்சு எடுத்திருக்கிறீங்கள்” என்று பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடங்களாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது அந்தச் சந்தோஷத்தைத்தான்.

அது ஏன் எனக்குள் இவ்வளவு காலம் குத்துகிறது என்று சொல்வதற்கு, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நாளுக்குப் போக வேண்டும்.

1995 ஐப்பசி இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் எங்களுடையது. அடுத்த வருடம் கொழும்புக்கு வந்தபோது நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின் அறையில் நான்கு பேர் இருந்தோம். பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. துண்டு இருந்தாலும் சுற்றிவளைப்புக்குப் பயம். அதனால் வகுப்புக்குப் போகிற நேரம் தவிர அறைக்குள்ளேதான் இருந்தேன். இரண்டு வருடம் படிப்பும் பாணும் சோறும்தான். உடம்பு வைத்தது. அம்மம்மா என்னைத் தடவிப் பார்த்து, “இப்பதான் பிள்ளை தேறி வந்திருக்கிறாள்” என்று கடவுளுக்கு நன்றி சொன்னா. பட்டினியைக் கண்ட மனுசிக்குச் சதை என்பது உயிர் தப்பியதற்கான அடையாளம்.

1998இல் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கே இரண்டு வெற்றிடங்கள். முன் கவுண்டரில் வாடிக்கையாளரைக் கவனித்துப் பில் போடுகிற வேலைக்கு 6,500 ரூபா. உள்ளே பேரேடு எழுதுகிற வேலைக்கு 5,000. நான் கேட்டது முதலாவதை. கணக்கும் தெரியும், மூன்று மொழியும் ஓரளவு பேசுவேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிகவும் தன்மையாகச் சொன்னார்: “பிள்ளை, உமக்குக் கணக்கு நல்லா வருது. ஆனா முன்னுக்கு நிக்கிறதுக்கு ஒரு தோற்றம் வேணும். நீர் உள்ளுக்கு இரும், அது உமக்கும் வசதி.” சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர் என்று கேட்டார். “நீங்கள் பார்த்துத் தாங்கோ சேர்” என்றேன். அவர் பார்த்துத்தான் தந்தார்: உள் வேலைக்கான 5,000த்திலும் 500 குறைத்து, பழகினபின் கூட்டலாம் என்றார். நான் எழுந்து கும்பிட்டேன்.

முன்னுக்கு நின்ற பிள்ளைகளுக்கு வருடத்துக்கு இரண்டு சேலை கொடுப்பார்கள். பிறந்தது முதல் என்னிடம் புதுச் சேலை என்று இருந்தவை மூன்றோ நான்கோதான். தைப்பொங்கலுக்கு முதல் நாள் அந்தச் சேலைப் பொதிகள் வந்திறங்கியபோது, எண்ணிச் சரிபார்த்துச் சரக்குப் பதிவேட்டில் பதிந்தது நான். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. உள்ளுக்கு இருக்கிற ஆளை யார் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வலித்தது, ஆனால் நியாயமாகப் பட்டது. இவ்வளவு உடம்போடு எனக்கு யார் வேலை தருவார்கள், இவர்கள் தந்தார்களே என்ற நன்றி என் வாயைக் கட்டிப்போட்டது. ஆறு வருடம் அங்கே இருந்தேன். ஒருநாளாவது சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நான்தான், பதினாறு வருடம் கழித்து, கொட்டாஞ்சேனைப் பிள்ளை வெட்டிய கோட்டைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். நிறுவனத்தின் காசை மிச்சம் பிடிப்பது என் கடமை என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவள் “போதும் மிஸ்” என்று சொன்ன விதம் எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. எனக்கு நடந்தது அவளுக்கும் நடப்பதில் எனக்கு எந்த வியப்பும் வரவில்லை. உலகம் இப்படித்தான் என்று நான் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அதே வேலைக்கு இன்னொரு பிள்ளையை எடுத்தோம். மெலிந்த உடல்வாகு, அழகாகப் பேசினாள். 50,000 கேட்டாள். 45,000 கொடுத்தோம். அந்த 900 ரூபா வித்தியாசத்தை அவள் பிடிக்கவில்லை. பழகினபின் சரிவரும் என்று நானே சிபாரிசு எழுதினேன். இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. மாதாமாதம் இருவருடைய சம்பளத் துண்டையும் தயாரித்து உறையில் போட்டு ஒட்டியது நான்.

2020 தொடக்கத்தில் கொட்டாஞ்சேனைப் பிள்ளை வேலையை விட்டாள். வேறு இடம் கிடைத்திருந்தது. சேவைச் சான்றிதழ் எழுதுவதற்காக அவளுடைய கோவையை எடுத்தபோது அடியில் அந்தப் படிவம் இருந்தது. மை சற்று மங்கியிருந்தது. வெட்டிய கோடு மங்கவில்லை. அன்றுதான் முதன்முறையாகக் கல்குலேட்டரை எடுத்து அந்தக் கோட்டின் விலையைக் கணக்கிட்டேன்.

மாதம் 10,000. ஆறு வருடத்துக்கு 720,000 ரூபா. அத்துடன் நிற்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 சதவீதமும் தொழில் தருநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். தொழில் தருநருடைய 12 சதவீதத்தில் மட்டும் அவள் இழந்தது 86,400. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் தருநர் செலுத்தும் 3 சதவீதத்தில் இன்னும் 21,600. மொத்தம் 828,000. வருடாந்தச் சம்பள உயர்வையெல்லாம் ஒதுக்கிவைத்த கணக்கு இது. உயர்வு சதவீதத்தில் வருவதால் உண்மையான இழப்பு இதைவிடக் கூடும்: 35,000க்குப் பத்து வீதம் 3,500, 45,000க்கு 4,500. முதல் நாள் விழுந்த பள்ளம் வருடா வருடம் தானாகவே ஆழமாகும். அடுத்த இடத்தில் ‘இப்போது என்ன சம்பளம்?’ என்று கேட்பார்கள். பள்ளம் அங்கேயும் கூடவே போகும்.

இது என்னுடைய மேசையில் மட்டும் நடந்த பிழையா, ஊரெல்லாம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் பிறகு இரவுகளில் தேடி வாசித்தேன்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் கோலி 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று முதலில் கிடைத்தது. அங்குள்ள வெள்ளையினப் பெண்களிடையே ஏறத்தாழ 65 இறாத்தல், அதாவது 30 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த நிறை வித்தியாசம், 9 சதவீதச் சம்பளக் குறைவோடு சேர்ந்து போகிறது என்று அவர் காட்டினார். மூன்று வருட வேலை அனுபவத்துக்குக் கிடைக்கும் சம்பள வித்தியாசத்துக்கு அது ஏறக்குறையச் சமம் என்கிறார். சம்பளம் குறைவாக இருப்பதால் உடம்பு வைக்கிறதா, உடம்பு வைப்பதால் சம்பளம் குறைகிறதா என்ற கேள்வியை அவர் விட்டுவிடவில்லை. அதைப் பிரித்தறியக் கூடப்பிறந்தவர்களின் நிறையையும் சேர்த்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தும் அந்தப் பெண்களின் விடயத்தில் முடிவு மாறவில்லை. ஆண்களிடம் அவ்வளவு தெளிவான இழப்புத் தெரியவில்லை.

நிறை பெண்ணிடமிருந்து கூடுதலாக அறவிடுகிறது என்பதற்கு இன்னும் அருகில் ஒரு சாட்சி இருக்கிறது. 2009இல் எயார் இந்தியா, நிறை கூடியவர்கள் என்று விமானப் பணிப்பெண்கள் சிலரை வேலையிலிருந்தே நீக்கியது. 2014இல் இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை உடற்திணிவுச் சுட்டெண்ணை வைத்துப் புதிய விதி கொண்டுவந்தது. கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருகிற எண் அது. ஆண் பணியாளருக்கு 25 வரை சரி. பெண்ணுக்கு 22 வரைதான் சரி. நான் கணக்குப் பிள்ளை, ஆதலால் போட்டுப் பார்த்தேன்: 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஆண் 64 கிலோ இருக்கலாம். அதே உயரமுள்ள பெண் 56 கிலோவைத் தாண்டினால் கூடுதல் நிறைக்காரி. விமானம் ஒன்று, உயரம் ஒன்று, வேலை ஒன்று. எட்டுக் கிலோ வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அடுத்த வருடம் அந்த விதியின்படி ஏறத்தாழ 125 பணியாளர்களை விமானத்திலிருந்து இறக்கப்போவதாகச் செய்தி வந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது உகண்டாவிலிருந்து வந்த ஆய்வு. 2023இல் வெளியானது. கம்பாலா நகரில் கடன் வழங்கும் அதிகாரிகளிடம் ஒரே ஆளின் படத்தை மெலிந்தவராகவும் பருத்தவராகவும் மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே பருத்த உருவத்துக்குத்தான் கடன் கிடைக்கும் வாய்ப்புக் கூடியது. வசதியான ஆள், காசைத் திருப்பித் தருவார் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். என் அம்மம்மாவின் கண்ணும் அதே கண்தான். ஓர் இடத்தில் நம்பிக்கையைத் தரும் அதே சதை, இன்னோர் இடத்தில் சோம்பேறி என்றும் நேர்த்தியில்லாதவள் என்றும் பெயர் வாங்கித் தருகிறது. சதைக்கு விலை போடுவது பார்க்கிற கண். புறக்கோட்டையில் என்னைப் பார்த்த கண்ணும் அதுதான், காலி வீதியில் நான் பார்த்த கண்ணும் அதுதான்.

நிறை கூடினால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. பின்னேரங்களில் மரைன் டிரைவில் தெகிவளைப் பக்கமாக வேர்க்க விறுவிறுக்க நடக்கிறேன். மருந்து எடுக்கிறேன். என் நிறையைப் பற்றி என் வைத்தியர் எவ்வளவு கண்டிப்பாகவும் பேசலாம். ஆனால் அது எனக்கும் கிளினிக்குக்கும் இடையிலான விடயம். சம்பளம் எனக்கும் என் வேலைக்கும் இடையிலான விடயம். ஒன்பதால் பிரியும் வித்தியாசத்தைப் பிடிக்கிற மூளைக்கு இடுப்பளவு தெரியாது.

சட்டம் இதில் எங்களுக்கு அதிகம் உதவாது. இலங்கை அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடல் நிறை இல்லை. இருந்திருந்தாலும், அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகத்தின் செயல்களுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்துக்குப் போகும். தனியார் நிறுவனத்தின் மூன்றாம் மாடி வரை அது ஏறி வராது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலை நேரத்தையும் லீவையும் காக்கிறது. பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும் இருவரின் முதல் சம்பளம் ஏன் வேறுபடுகிறது என்று அது கேட்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976இலேயே நிறையையும் உயரத்தையும் பாரபட்சச் சட்டத்தில் சேர்த்துவிட்டது. நியூயோர்க் நகரம் 2023இல் சேர்த்தது. இங்கேயும் ஒருநாள் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அது வரும்வரை, நேர்முகப் பரீட்சை மேசையில் பேனை வைத்திருப்பவர்தான் சட்டம். அன்று அந்தப் பேனை என் கையில் இருந்தது.

நான் கற்றுக்கொண்ட பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேலைக்கு வருகிறவர் கேட்கிற தொகை அவருடைய பெறுமதி இல்லை. இவ்வளவு காலமும் உலகம் அவரிடம் சொல்லி வைத்த தொகை அது. பருத்த பிள்ளை, கறுத்த பிள்ளை, கொன்னை தட்டுகிற பிள்ளை, மேசைக்கு வர முன்பே தன்னைத் தானே வெட்டிக்கொண்டுதான் வருவார்கள். ‘அவவே கேட்டது’ என்று சொல்லி அந்தக் குறைந்த தொகையில் கையொப்பம் வைப்பவர், அவர்கள் பட்ட அவமானத்திலிருந்து இலாபம் எடுக்கிறார். நான் எடுத்தேன். ஆகவே சம்பளத்தை ஆள் வாசலுக்குள் வர முன்பே, வேலையைப் பார்த்து எழுதி வைத்துவிட வேண்டும்.

2020இல் பணிப்பாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு விட்டுப்போனதைக் கொடுக்க வழியுண்டா என்று கேட்டேன். “அவ ஒப்புக்கொண்டுதானே வந்தவ” என்றார். அதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. இனி வருகிறவர்களுக்காவது என்று மூன்று விடயங்களைக் கேட்டேன், அவற்றுக்குச் சம்மதித்தார். படிவத்திலிருந்து ‘எதிர்பார்க்கும் சம்பளம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம். புகைப்படம் ஒட்டும் இடத்தையும் எடுத்துவிட்டோம். எழுத்துப் பரீட்சைத் தாளில் பெயருக்குப் பதிலாக இலக்கம் போட்டு, ஆளைப் பார்க்க முன்பே திருத்துகிறோம்.

இரண்டு வருடம் கழித்து அவளைத் தேடிப் போனேன். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு வருவாள் என்று தெரியும். கோயில் வாசலுக்கு வெளியே, மெழுகுதிரி விற்கிற இடத்துக்கு அருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதவிக்கு 45,000 ஒதுக்கியிருந்தது, எனக்கு அது தெரியும், நீங்கள் வெட்டியதையும் கண்டேன், பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“நீங்க என்ன மிஸ் செய்வீங்க. நான் தானே வெட்டினேன்” என்றாள். கையிலிருந்த மெழுகுதிரிகளைச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “வீட்டிலேருந்து நாப்பத்தஞ்சுனு எழுதிட்டுத்தான் வந்தேன். படியேறி வரும்போது ரெண்டாவது மாடியில ஒரு கண்ணாடி இருந்திச்சு. அதுல என்னையப் பார்த்தேன். அங்கேயே நின்னு பேனைய எடுத்து வெட்டிட்டேன்.”

அந்தக் கண்ணாடியை எனக்குத் தெரியும். லிப்ட் நிற்கிற நாட்களில் அதைக் கடக்கும்போது நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மறுநாள் காலை பணிப்பாளரிடம் இன்னும் ஒன்று கேட்டேன். ஒரு மாதம் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார். இப்போது எங்கள் வெற்றிட விளம்பரங்களில் வேலையின் பெயருக்குக் கீழேயே சம்பளத் தொகை அச்சாகிறது. யார் வந்தாலும் அதுதான். படியில் நின்று யாரும் அதைப் பேனையால் வெட்ட முடியாது.